டூலா வேலையை நம்பி வங்கி வேலையை விடலாமா?

மதுரையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். தனியார் வங்கியில் ஒன்பது ஆண்டு வேலை, மூன்று வயதுக் குழந்தை. பெங்களூரில் நடந்த உங்கள் பிரசவத்தில் உடனிருந்த டூலாவை மறக்க முடியவில்லை. இப்போது நீங்களே அந்த வேலைக்கு வர நினைக்கிறீர்கள். “டூலாவாகச் சம்பாதிக்க முடியுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கடைசி இரண்டு வரிகளில் வீட்டுக் கடன் தவணையையும் எழுதிவைத்திருக்கும் ராஜினாமாக் கடிதத்தையும் குறிப்பிட்டிருக்கிறீர்களே, கேள்வி அங்கேதான் இருக்கிறது. மாதந்தோறும் ஐந்தாம் தேதி தவறாமல் வந்து நிற்கும் செலவை, தேதியே தெரியாத பிரசவங்களை நம்பித் தாங்க முடியுமா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் சென்னையில் பதினோரு ஆண்டுகளாக டூலாவாக இருக்கிறேன். அதற்கு முன் பிசியோதெரபிஸ்ட். இதுவரை ஏறக்குறைய நூற்றைம்பது பிரசவங்களில் உடனிருந்திருக்கிறேன். கீழே சொல்லும் பணக் கணக்கு என் நோட்டுப் புத்தகத்தில் இருப்பது. அதை ஊர் முழுவதற்குமான கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தப் பெயரையே கேள்விப்படாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் இரண்டு வார்த்தை. பிரசவ வலி தொடங்கியதிலிருந்து குழந்தை பிறக்கும்வரை அந்தப் பெண்ணை விட்டு நகராமல் இருப்பவர் டூலா. இடுப்பை அழுத்திவிடுவார், நடக்கவைப்பார், மூச்சை நினைவூட்டுவார், மருத்துவர் சொன்னது புரியாவிட்டால் திரும்பக் கேட்கச் சொல்வார். ரத்த அழுத்தம் பார்க்கமாட்டார், உள்பரிசோதனை செய்யமாட்டார், மருந்து தரமாட்டார். மருத்துவச்சி வேறு. இந்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, செவிலியர் படிப்பு முடித்தவர்கள் பதினெட்டு மாதம் கூடுதலாகப் பயின்றால்தான் அந்தத் தகுதி கிடைக்கும். டூலாவுக்கு நம் நாட்டில் உரிமமோ கவுன்சிலோ கிடையாது. சான்றிதழ் எல்லாம் தனியார் அமைப்புகள் தருவது. டூலா என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பணிப்பெண், அடிமைப் பெண் என்று பொருள். மானுடவியலாளர் டேனா ரஃபேல் 1970களில் அதை இந்தப் பொருளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். சம்பளம் கேட்கக் கூச்சப்படும் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

இனி கணக்கு. சென்ற ஆண்டு பதினேழு பிரசவங்கள். என் கட்டணம் 40,000 ரூபாய். பதினான்கு பேர் முழுதாகக் கொடுத்தார்கள், மூவருக்கு நானே பாதியாகக் குறைத்தேன், ஆக 6,20,000. மூன்று முறை எனக்குக் காய்ச்சலோ, ஒரே இரவில் இருவருக்கு வலியோ வந்து, எனக்குப் பதிலாக இன்னொரு டூலா போனார். அவருக்குக் கொடுத்தது 36,000. நடு இரவு டாக்சி, ஆட்டோ, ஆண்டு முழுவதும் சேர்த்து 50,000 ஆனது. பயிற்சிகள், புத்தகம், தொலைபேசி என்று இன்னொரு 40,000. மிச்சம் 4,94,000. மாதத்துக்கு வகுத்தால் நாற்பத்தோராயிரம் சொச்சம். இது பதினோராவது ஆண்டில் வந்த தொகை. முதல் ஆண்டில் ஐந்து பிரசவங்கள். மூன்று இலவசம், இரண்டுக்குத் தலா பத்தாயிரம். பயிற்சிக்குக் கட்டிய பணம்கூட அந்த ஆண்டு திரும்பவில்லை.

கட்டணத்தை ஏற்றினால் சரியாகிவிடுமே, பிரசவங்களைக் கூட்டினால் சரியாகிவிடுமே என்று வங்கியில் இருந்தவருக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. தடுப்பது வேறொன்று. முப்பத்தெட்டாவது வாரம் தொடங்கி நாற்பத்திரண்டு வரை ஒவ்வொரு பெண்ணுக்காகவும் நான் காத்திருக்க வேண்டும். ஆளுக்கு நான்கு வாரம் என்றால் பதினேழு பேருக்கு அறுபத்தெட்டு வாரம். ஆண்டில் இருப்பதோ ஐம்பத்திரண்டுதான். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தான் ஓட்டுகிறேன். அந்த வாரங்களில் செங்கல்பட்டைத் தாண்டிப் போகமாட்டேன். தொலைபேசியைக் குளியலறைக்குள்ளும் எடுத்துப்போவேன். அக்கா மகள் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் பட்டுப் புடவையோடு எழுந்து ஓடியிருக்கிறேன். அது சூட்டு வலி, சீரகக் கஷாயம் குடித்ததும் அடங்கிவிட்டது, பந்தி முடிந்த பிறகு திரும்பி வந்தேன். பிரசவ அறையில் நான் நிற்கும் நேரம் சராசரியாகப் பதினான்கு மணிதான். மீதியெல்லாம் இந்தக் காத்திருப்பு. வாடிக்கையாளர் கொடுக்கும் பணம் உண்மையில் அதற்குத்தான், ஆனால் அது அவர்கள் கண்ணில் படுவதில்லை. கட்டணம் நிர்ணயிக்கும்போது நீங்களும் அதை மறந்தால், மணிக்கு இவ்வளவு என்று உங்களோடு பேரம் பேசுவார்கள். மாதம் இரண்டு பிரசவங்களுக்கு மேல் ஒப்புக்கொண்ட தோழிகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் இந்த வேலையையே விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் குழந்தையைக் குளிப்பாட்ட வரும் ஆயா ஒருவர் இருக்கிறார். காலையில் நான்கு வீடுகள், வீட்டுக்கு நானூறு, மாதம் இருபத்தாறு நாள். பெருக்கிப் பாருங்கள், 41,600 வருகிறது. பதினோரு மணிக்கு வீடு திரும்பிவிடுகிறார், இரவில் தூங்குகிறார். அவரிடம் என் வேலையை விளக்கியபோது, “வலி வரவரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கணுமா?” என்று பரிதாபமாகப் பார்த்தார்.

வேடிக்கையாகச் சொன்னாலும் இதில் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. எனக்கு நிம்மதி தரும் வருமானம் வகுப்புகளிலிருந்து வருகிறது. வார இறுதியில் மூன்று மணி நேரம், ஐந்து வாரம், ஆறு தம்பதியர், தம்பதிக்கு 6,000. ஆண்டுக்கு ஐந்து முறை நடத்தினால் 1,80,000. இடத்து வாடகை போக ஒன்றரை லட்சம் நிற்கும். இதற்குச் செலவான நேரம் மொத்தம் எழுபத்தைந்து மணிதான், அதுவும் நான் குறித்த தேதியில். பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போய்ப் பால் புகட்ட உதவுவதும் அப்படித்தான். அதை ஆழமாகச் செய்ய விரும்பினால் ஐ.பி.சி.எல்.சி. என்னும் பன்னாட்டுத் தாய்ப்பால் ஆலோசகர் தேர்வு இருக்கிறது. படிப்பும் மருத்துவச் சூழலில் பயிற்சி நேரமும் கேட்பார்கள், எளிதில் முடியாது. ஆனால் மருத்துவமனைகள் மதிக்கும் சான்று அது. நான் பார்த்தவரையில் நிலைத்து நிற்கும் டூலாக்கள் எல்லாரும் பிரசவத்தோடு இப்படி ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொண்டவர்கள், அல்லது வீட்டில் இன்னொரு சம்பளம் உள்ளவர்கள்.

அடுத்து, கதவு. உங்களுக்குப் பெங்களூரில் கிடைத்த அனுபவத்தை வைத்து இதை எடைபோடாதீர்கள். பிரசவ அறைக்குள் யாரை விடுவது என்பதை மருத்துவமனைதான் முடிவுசெய்கிறது. அரசு மருத்துவமனைகளில் துணையாள் ஒருவரை அனுமதிக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் அறிவித்தது. அதிலும் சொன்னது பிரசவ அனுபவமுள்ள பெண் உறவினரை. பணம் வாங்கிக்கொண்டு வருபவரை அல்ல. தனியார் மருத்துவமனைகளில் மருத்துவருக்கு மருத்துவர் வேறுபடும். முன்கூட்டியே சம்மதித்த மருத்துவர் அன்று விடுப்பில் போக, பணியிலிருந்தவர் மறுத்துவிட்டதால், ஒரு முறை ஒன்பது மணி நேரம் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கணவரின் தொலைபேசி வழியாகப் பேசிப் பேசியே அந்தப் பெண்ணைத் தேற்றினேன். அதற்குப் பிறகுதான் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தேன்: உள்ளே விடாவிட்டாலும், அறுவை சிகிச்சை ஆனாலும் கட்டணம் மாறாது.

அந்த வரியை எழுதுவது சுலபம், வசூலிப்பது வேறு கதை. இருபத்திரண்டு மணி நேர வலிக்குப் பின் சிசேரியன் ஆன ஒரு வீட்டில், மீதிப் பணத்தைக் கேட்டபோது மாமனார் நிதானமாகக் கேட்டார்: “நார்மல் ஆகவில்லையே அம்மா, பிறகு எதற்கு?” அவர் கெட்டவர் அல்லர். அவர் மனதில் டூலா என்றால் சுகப்பிரசவத்துக்கு உத்தரவாதம். யார் அப்படிச் சொன்னார்கள் என்று யோசித்தால், அந்த ஆண்டு என் விளம்பரத் தாளில் நானே ஏறக்குறைய அப்படித்தான் எழுதியிருந்தேன். இப்போது முழுத் தொகையையும் முப்பத்தேழாவது வாரத்துக்குள் வாங்கிவிடுகிறேன், விளம்பரத் தாளையும் மாற்றிவிட்டேன்.

ஏன் மாற்றினேன் என்றால், ஆய்வுகள் சொல்வதற்கும் நாங்கள் விளம்பரத்தில் சொல்வதற்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. 1980இல் வெளியான குவாத்தமாலா ஆய்வில், துணையோடு இருந்த பெண்களின் வலி நேரம் சராசரி 8.8 மணி, துணையில்லாதவர்களுக்கு 19.3 மணி. டூலா விளம்பரங்களுக்குப் பிடித்த எண் இது. ஆனால் அந்த ஒப்பீட்டில் இருந்தவர்கள் மிகச் சிலர். தனியாகக் கிடந்து பெற்றெடுக்கும் நெரிசலான மருத்துவமனையில் நடந்தது. பிறகு 2017இல் காக்ரேன் அமைப்பு, பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. வலி நேரத்தில் கிடைத்த குறைவு சராசரியாக நாற்பது நிமிடம் அளவுக்குத்தான். சிசேரியன் வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. உடனிருந்தவர் மருத்துவமனை ஊழியராகவோ உறவினராகவோ இல்லாமல் டூலாவாக இருந்தபோது குறைவு இன்னும் கூடுதல். சான்றின் தரம் உயர்வானதல்ல என்று தொகுத்தவர்களே எழுதியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2018இல் எல்லாப் பெண்களுக்கும் விரும்பிய துணை வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆகவே துணை இருப்பது நல்லது என்பது உறுதி. கட்டணம் கொடுத்து என்னை அமர்த்தினால் தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனையில் சிசேரியன் தவிரும் என்பது உறுதியல்ல. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில் நம் மாநிலத்துத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் சிசேரியன் 63.8 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36. இத்தனை பெரிய எண்ணுக்குப் பின்னால் வயதும் நோயும் மட்டுமல்லாமல் மருத்துவரின் வசதி, பெண்ணின் பயம், ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரம் எல்லாம் இருக்கின்றன. என்னிடம் வருபவர்களிலோ சிசேரியன் குறைவுதான்; ஆனால் அவர்கள் முதலிலேயே சுகப்பிரசவத்தில் பிடிவாதமாக இருந்து, அதற்கு இசையும் மருத்துவரைத் தேடிப் போனவர்கள். அதில் என் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

பணம் கேட்பதில் இன்னொரு சங்கடம் பழைய காலத்திலிருந்து வருகிறது. நம் ஊர்களில் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சிகள் பெரும்பாலும் நாவிதர் குலப் பெண்கள். குழந்தையைக் கையில் ஏந்தி எடுத்தவருக்குக் கூலியாகக் கிடைத்தது நெல், வெற்றிலை பாக்கு, பழைய புடவை. மற்ற நாள்களில் அதே வீட்டின் திண்ணையைக்கூட அவர் தாண்ட முடியாது. பிரசவத்தில் உடனிருப்பது தீட்டான வேலை, அல்லது அம்மாவும் அத்தையும் அன்பால் செய்யும் வேலை. இரண்டில் எதற்கும் காசோலை எழுதும் வழக்கம் நமக்கு வரவில்லை. “நாங்கள் நாலு பெற்றோம், எந்த டூலா வந்தாள்?” என்று கேட்காத மாமியாரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆரம்பத்தில் வாதம் செய்வேன். இப்போது, “சரிதான் அம்மா, உங்களுக்கு அப்போது யார் இருந்தார்கள்?” என்று கேட்பேன். பத்து நிமிடத்தில் அவர் தன் முதல் பிரசவத்தைச் சொல்லி முடிப்பார். மருமகளின் இடுப்பை எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்தால் ஆசையோடு கற்றுக்கொள்வார். எனக்கு அடுத்த வாடிக்கையாளரை அனுப்பிவைப்பதும் பெரும்பாலும் அவர்தான்.

மதுரைக்கு வருவோம். சென்னையில் என் பெரிய நஷ்டம் வளைகாப்பு. என் வகுப்புக்கு வந்த பெண், வளையல் போட்டதும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விடுவாள். அந்தத் தாய்வீடுகள் மதுரை, திருநெல்வேலி, காரைக்குடிப் பக்கம் இருக்கின்றன. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்து, டூலா என்றால் என்னவென்று தெரிந்து, பணம் கொடுக்கவும் தயாராக, ஏழாம் மாதத்தில் உங்கள் ஊரில் வந்து இறங்கும் பெண்கள்தான் உங்கள் முதல் வாடிக்கையாளர்கள். என்னிடம் வந்தவர்களில் மூன்று பேர் அப்படி மதுரைக்குப் போனார்கள். அங்கே யாரையாவது சொல்லுங்கள் என்று கேட்டபோது என்னிடம் பெயர் இல்லை. அவர்களோடு பழகக் கிடைப்பது இரண்டு மாதம்தான் என்பதால் வேலை நெருக்கமாக இருக்கும். 40,000 அங்கே எடுபடுமா என்பதில் எனக்குச் சந்தேகம். பாதியில் தொடங்கத் தயாராக இருங்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 2023 முதல், ஏழைகளுக்கான அரசுக் காப்பீடே டூலாவுக்குப் பணம் தருகிறது. இங்கே முழுத் தொகையும் அந்தக் குடும்பத்தின் சட்டைப் பையிலிருந்துதான் வர வேண்டும்.

வருமானம் குறைவாக இருக்கும் முதல் ஆண்டுகளில் இரண்டு ஆசைகள் வரும். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கும் நிறுவனங்கள், ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் தருவதாக வருவார்கள். என்னிடம் வந்தவர் சொன்ன தொகை, அன்று என் இரண்டு பிரசவக் கட்டணத்துக்குச் சமம். குழந்தையின் சொந்தப் பிற்காலத் தேவைக்காக அதைச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017இல் எழுதிவைத்திருக்கிறது. வலியில் இருக்கும் பெண் உங்கள் சொல்லை நம்புவதே உங்கள் மூலதனம், அதை விற்றுவிடாதீர்கள். இரண்டாவது, வீட்டிலேயே பிரசவம் பார்க்கத் துணை வரச் சொல்பவர்கள். நன்றாகக் கொடுப்பார்கள். 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் நடத்தியதில் ஒரு பெண் இறந்தார், கணவர் கைதானார். அந்த இடத்தில் டூலா இருந்திருந்தாலும் ரத்தப்போக்கை நிறுத்த அவர் கையில் எதுவும் இருந்திருக்காது. அந்த அழைப்பு வந்தால் காரணம்கூடச் சொல்ல வேண்டாம், மறுத்துவிடுங்கள்.

நீங்கள் இணைப்பில் அனுப்பிய பயிற்சி விளம்பரம், “மாதம் ஒரு லட்சம்” என்கிறது. என் கட்டணத்தில் மாதம் இரண்டரை பிரசவம், செலவே இல்லாமல், ஒருவர்கூடப் பாதிக் கட்டணம் கேட்காமல் இருந்தால் அந்தத் தொகை வரும். பயிற்சியால் லட்சம் சம்பாதிப்பவர் யார் என்று எனக்குத் தோன்றுவதை இங்கே எழுதவில்லை. நல்ல பயிற்சி என்றால் பயிலரங்கு, வாசிப்பு, சில பிரசவங்களில் உடனிருந்ததற்கு மருத்துவமனையும் தாயும் தரும் மதிப்பீடு ஆகியவை இருக்கும். இரண்டே நாளில் சான்றிதழ் தருகிறவர்களிடம் போகாதீர்கள்.

ராஜினாமாக் கடிதத்தை இப்போது கொடுக்காதீர்கள். பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே, மதுரையில் சுகப்பிரசவத்தில் அக்கறையுள்ள மகப்பேறு மருத்துவர்கள் நான்கைந்து பேரை நேரம் கேட்டுச் சந்தியுங்கள். “டூலாவை உள்ளே விடுவீர்களா, உங்களுக்குப் பதிலாகப் பணியில் இருப்பவர் விடுவாரா?” என்று மட்டும் கேளுங்கள். இரண்டு பேராவது சம்மதித்தால் பயிற்சியில் சேருங்கள். ஒருவர்கூட இல்லையென்றால் வகுப்பும் தாய்ப்பால் ஆலோசனையும்தான் உங்கள் பாதை. அதை வங்கியில் இருந்துகொண்டே சனி, ஞாயிறுகளில் தொடங்கலாம். பிரசவங்களுக்கு அது ஒத்துவராது; காசு எண்ணும் கவுன்ட்டரில் இருக்கும்போது பனிக்குடம் உடைந்துவிட்டது என்று அழைப்பு வந்தால் எழுந்து போக முடியாது. ஆகவே முதல் மூன்று இலவசப் பிரசவங்களுக்கு ஈட்டிய விடுப்பைச் சேர்த்துவைத்துக்கொள்ளுங்கள். வேலையை விடும் நாளில் குறைந்தது பதினெட்டு மாதத் தவணை தனிக் கணக்கில் இருக்கட்டும். எனக்கு அந்தப் பதினெட்டு மாதத்தைக் கணவரின் சம்பளம் தாங்கியது. இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தால் மகளைப் பார்த்துக்கொள்ள மாமியார் வீட்டில் இருந்தார். உங்கள் மூன்று வயதுக் குழந்தையை அந்த நேரத்தில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை.